நான் எழுதிக் கொடுத்த மனு

போன வாரம் காலை நடையில் பாளையம்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கூட வந்த நண்பரும் என்னைப் போல பென்ஷன்தாரர்தான். திடீரென்று கேட்டார்: “சார், கொரோனா மாதிரி இன்னொண்ணு வந்தா நம்ம வயசுக்காரங்களால என்ன செய்ய முடியும்? கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கிறதுதான் ஊருக்கு நாம செய்ற உதவி, இல்லையா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது, பாதிதான் சரியான பதில் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. மீதிப் பாதிக்கு 2020 மே மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இந்தப் பதிவுகளில் அதை நான் எழுதியதில்லை.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பாவின் வேலை காரைக்காலில் இருந்ததால் என் பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு வழியில். அப்பா போன பிறகு அம்மாவின் ஊரான அருப்புக்கோட்டைக்கு வந்தோம். என் பிரெஞ்சு சான்றிதழுக்கு இணைச்சான்று வாங்க ஒன்றரை வருஷம் அலைந்தேன். அந்த அலைச்சலிலேயே அரசாங்கத் தமிழ் எனக்கு வந்துவிட்டது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் குறிப்பு எழுதியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் எதைக் கேட்டாலும் “பொருள்” என்று போட்டு எழுத ஆரம்பித்துவிடுவான்.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை கை தட்டினோம். 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144. மறுநாளிலிருந்து நாடு முழுக்க அடைப்பு. எங்கள் ஊரில் அமைதி என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. விசைத்தறிச் சத்தம் இல்லாத அருப்புக்கோட்டையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பயமாக இருந்தது, ஏனென்றால் தறி ஓடாவிட்டால் வாரக் கூலி இல்லை என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். திருச்சுழிச் சாலையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த என் மச்சினர், பறிக்கிற கூலிக்குக்கூடப் பூ விற்காது என்று செடியிலேயே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போனால் மணம் தூக்கியது, வாங்க ஆள் இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கிடைத்த லாரியில் ஏறி அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் தெருக் கோடியில் பூக்கட்டிப் பிழைக்கிற ஓர் அம்மாவின் மகனும் அப்படி வந்து இறங்கினார். கூடவே மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார்கள். காலை ஆறு மணிக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

எட்டு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள், இடைவெளி விட்டுத்தான். “சார், நீங்கதான் நல்லா எழுதுவீங்க. இவங்கள இங்க வச்சிருந்தா தெருவே போயிரும். மேல ஒரு மனு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, “மேற்படி நபர்கள்” என்றும் “பொதுமக்களின் நலன் கருதி” என்றும் “உடனடியாக அப்புறப்படுத்தி” என்றும் ஒன்றரைப் பக்கம். குப்பையை அப்புறப்படுத்துவார்கள், நான்கு மனிதர்களுக்கு அந்தச் சொல்லைப் போட்டேன். முப்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டு நாளில் வண்டி வந்தது. நால்வரையும் ஊருக்கு வெளியே ஒரு விடுதிக் கட்டடத்தில் பதினான்கு நாள் வைத்தார்கள். பரிசோதனையில் யாருக்கும் நோய் இல்லை. பூக்கட்டும் அம்மா மட்டும் வீட்டில். கதவில் காகிதம் ஒட்டியாயிற்று. குழாயில் தண்ணீர் வந்த நாளில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர் குடத்தைக் கொண்டுவர வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வரும்போது தண்ணீர் நின்றுவிட்டது. இதை என்னிடம் சொன்னது என் மனைவி. சொல்லிவிட்டு, “பிரெஞ்சு படிச்சென்ன, தமிழ் படிச்சென்ன” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு குடம் தண்ணீரும் ஒரு தூக்குச் சோறும் எடுத்துப் போனதும் அவள்தான்.

இப்போதும் நான் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்தவர்களைச் சில நாள் தனியாக வைத்தது தப்பில்லை. நோயின் தன்மை அப்படி. தப்பு என் மனுவில் இருந்தது. ஒன்றரைப் பக்கத்தில், அந்தப் பதினான்கு நாளும் அந்தக் கிழவிக்குத் தண்ணீர் யார் கொடுப்பது, அரிசி யார் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. முப்பத்தொரு வீட்டில் ஒரு வீடு ஒரு வேளை கொடுத்திருந்தாலும் அவர் ராணி மாதிரி இருந்திருப்பார்.

காரைக்காலில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் லா ஃபோந்தேன் கதைப்பாட்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வார். ஒரு சொல் பிசகினால் திரும்ப முதலிலிருந்து. அதில் கொள்ளைநோய் கண்ட மிருகங்களின் கதை ஒன்று. 1678-இல் வெளிவந்தது. காட்டில் நோய் வருகிறது. நம்மில் பெரிய பாவி யாரோ அவனைப் பலி கொடுத்தால் நோய் போகும் என்று சிங்கம் சொல்கிறது. சிங்கம் ஆடுகளைத் தின்றது, ஆட்டுக்காரனையும் தின்றது. அது ஒரு குற்றமா மகாராஜா என்று நரி சொல்லிவிடுகிறது. புலி, கரடி யாரையும் கேட்க ஆள் இல்லை. கடைசியில் கழுதை, பசியில் மடத்துப் புல்வெளியில் நாக்கு அகலத்துக்குப் புல் மேய்ந்தேன் என்கிறது. பிடி அதை, இதனால்தான் நோயே வந்தது என்று எல்லாமாகச் சேர்ந்து முடித்துவிடுகின்றன. அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் படித்த ஓநாய் ஒன்றும் உண்டு. கழுதைக்கு எதிராக முறையாக வாதாடி நிரூபிப்பது அதுதான். பத்து வயதில் அதை நிறுத்தாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். எழுபதில் அந்த ஓநாய் வேலையைச் செய்தேன்.

எங்கள் தெரு மட்டுமில்லை. அதே வருஷம் ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லால் அடித்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்து, நடு ராத்திரியில் அவருடைய சக மருத்துவர் பிரதீப்குமார் தானே குழியில் மண் தள்ளினார். அதன் பிறகுதான் அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பேப்பரில் அதைப் படித்து “சே, என்ன ஜனங்கள்” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதம்தான் நான் மனு எழுதினேன்.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் புதிதும் இல்லை என்பதுதான் வருத்தம். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குத் திருச்சுழிக்குப் பக்கத்தில் அம்மாச்சி ஊருக்கு வருவேன். யார் வீட்டிலாவது அம்மை கண்டால் வாசலில் வேப்பங்குழை செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். வீட்டு ஆட்களும் வெளியே சுற்ற மாட்டார்கள், விசேஷத்துக்குப் போக மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பழக்கம். பிரெஞ்சில் இதற்கு ‘கரந்தேன்’ என்று பேர். நாற்பது நாள் என்று அர்த்தம். கப்பலில் வந்தவனை நாற்பது நாள் கடலிலேயே நிறுத்திவைத்த காலத்துச் சொல். நம் அம்மாச்சிகள் கப்பலைப் பார்த்ததில்லை. ஆனாலும் விஷயம் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்த வீட்டை யாரும் வெறுக்கவில்லை. ‘ஆத்தா வந்திருக்கா’ என்பார்கள். நோய் கண்டவரைப் பழிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. இளநீர், நுங்கு, கம்பங்கூழ் எல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாசல்படி வரைக்கும் வரும், உள்ளே வராது. எட்டி நிற்பதும் கொடுப்பதும் ஒன்றாகவே நடந்தன. 2020-இல் நாம் கதவில் ஒட்டிய காகிதத்தில் எட்டி நில் என்பது மட்டும்தான் இருந்தது.

வேப்பிலைதான் பெரியம்மையை ஒழித்தது என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ஒழித்தது ஊசி. என் இடது கையில் இரண்டு வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பருத்திக் காட்டுக்குள் ஓடி ஒளிகிற ஜனம் நாங்கள். கிராமம் கிராமமாக நடந்து பிடித்துப் பிடித்துக் குத்தியதால்தான் 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. வேப்பிலையை நான் சொல்வது மரியாதைக்காக மட்டும்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2021-இல் இரண்டாம் அலை வந்தபோது எனக்கு எழுபத்திரண்டு வயது. மனைவிக்குச் சர்க்கரை. வெளியே சுற்ற முடியாது. திண்ணையும் போனும் பேனாவும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒரு நீள நோட்டில் ரிஜிஸ்டர் போட்டேன்.

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் யார் யார், வயது, தினமும் சாப்பிடுகிற மாத்திரை, எத்தனை நாளுக்குக் கையிருப்பு, வெளியூரில் இருக்கிற பிள்ளையின் போன் நம்பர். எழுதி முடித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பதினொரு வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையில், திருப்பூரில், துபாயில். நம் வானம் பார்த்த பூமியின் கதையே இதுதானே. மழை இல்லை, கண்மாயில் சீமைக்கருவேலம், படித்தவனும் படிக்காதவனும் வெளியே. முப்பது வருஷம் அரசாங்கக் கணக்கு எழுதியவனுக்குத் தன் தெருவின் கணக்கு அன்றுதான் தெரிந்தது.

தினமும் காலையில் அந்தப் பதினொரு வீட்டுக்கும் போன். “சாப்டீங்களா, காய்ச்சல் இருக்கா, மாத்திரை இருக்கா” இவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் முக்கால் மணி நேரம் வரும். பாதிப் பேருக்கு மாத்திரையைவிடப் பேச்சுத்தான் வேண்டியிருந்தது. மாத்திரை தீரப் போகிறவர்கள் பட்டியலை வாரம் ஒருமுறை தெருப் பையன்கள் இரண்டு பேரிடம் கொடுப்பேன். பைக்கில் போய் வாங்கி வாசல் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வருவார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நாலு நாள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நேரடியாகத் தெரியும், என் அண்ணன் அப்படித்தான் போனார். கொரோனா காலத்தில் செத்தவர்கள் எல்லாரும் கொரோனாவில் சாகவில்லை.

ஆக்சிஜன் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினோம், தெருவுக்கு ஒன்று. விரலில் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் துடைக்க வேண்டும், அளவை நேரத்தோடு எழுத வேண்டும். 94-க்குக் கீழே இறங்கினால் விவாதம் கிடையாது, 108. சந்தேகம் இருந்தால் 104. இதை அட்டையில் எழுதிக் கருவியோடு கட்டிவிட்டேன். கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன், குடிக்காதே என்று யாரையும் சொல்லவில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு 88-இல் வீட்டில் படுத்திருந்த ஒருவரை அவர் மகனிடம் போனில் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிழைத்து வந்தார். என்னோடு அவர் இன்னும் பேசுவதில்லை, அது வேறு கதை.

கை கழுவுகிற விஷயத்தில் நான் தோற்றேன். இருபது விநாடி கழுவு என்று டிவியில் சொல்கிறார்கள். குடத்தை எண்ணிச் செலவு செய்கிற ஊர் இது. தெரு முனையில் குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம்மும் சோப்பும் வைத்தோம். இரண்டு நாள் தண்ணீர் இருந்தது. மூன்றாம் நாள் சோப்பும் இல்லை. முறை போட்டுப் பட்டியல் ஒட்டினேன். பட்டியலையும் யாரோ கிழித்துவிட்டார்கள். அரசாங்கமே முறைத் தண்ணீரைச் சரியாக விட முடியாத ஊரில் நான் யார்?

ஊசிக்கு வருகிறேன். அறுபது தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1, நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு ஏப்ரல் 1. மெல்ல ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். டாக்டர்கள் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னார்கள். எங்கள் தெருவில் பெயர் கொடுத்திருந்த பதினாறு பேரும் மறுநாள் வாபஸ். நான் வாதாடவில்லை. வாதாடினால் ஜெயிப்பேன், அவர்கள் வர மாட்டார்கள். என் கைத் தழும்பைக் காட்டி, பருத்திக் காட்டில் ஒளிந்த கதையைச் சொன்னேன். பிறகு நானும் என் மனைவியும் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். செத்தோமா இல்லையா என்று தெருவே பத்து நாள் எட்டிப் பார்த்தது. பதினோராம் நாள் ஒவ்வொருவராக ஆதார் அட்டையோடு வந்தார்கள். இது வயதானவர்களால் மட்டுமே செய்ய முடிகிற சேவை.

அரிசிப் பை கொடுத்து நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிச்சை எடுத்துச் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நிவாரண நிதிக்குக் கட்டிவிட்டுப் போன பூல்பாண்டியனை நினைத்துக்கொள்வேன். அவர் யாரையும் நிற்க வைத்துக் கொடுக்கவில்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஏற்ற இன்னொரு வேலை காகிதம். 2021-இல் அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய், ஜூனில் பதினான்கு வகை மளிகைப் பை. அது எல்லாருக்கும் தெரிந்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்ற அறிவிப்பும், இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 என்பதும் உள்கிராமங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. போனவர்களுக்கும் பரிசோதனைச் சீட்டு இல்லை. துக்க வீட்டில் அந்தச் சீட்டை முதலில் தூக்கிப் போட்டிருப்பார்கள், தொட்டால் ஒட்டும் என்று. அதனால் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் எறியாதீர்கள். மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

பூக்கட்டும் அம்மா அந்த ஜூன் மாதம் இறந்தார். நோட்டில் முப்பத்தெட்டாவது வீடு. 91 என்று பையன் சொன்னதும் 108-க்குப் போன் செய்தது நான்தான். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகன் அப்போது சென்னைக்குத் திரும்பவில்லை, இங்கேயே லோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் திண்ணைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை.

“ஐயா, அம்மாவுக்கு அந்த ஐம்பதாயிரத்துக்கு எழுதணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க.”

அதே வார்த்தை. பையில் இறப்புச் சான்று இருந்தது, காரணம் போட்ட தாள் இல்லை. பரிசோதனைச் சீட்டு இல்லை. அவருடைய பழைய போனில் துழாவினால் பரிசோதனை நம்பரோடு வந்த குறுஞ்செய்தி கிடைத்தது. அதை வைத்து எழுதினேன். “மேற்படி” என்ற சொல் பேனா முனைக்கு வந்தது. அதை விட்டுவிட்டு “என் தாயார்” என்று போட்டேன். மூன்று தரம் அலைந்தார், பணம் வந்தது. எழுதிக் கொடுத்ததற்கு எவ்வளவு ஐயா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தொரு பேரில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்களா, தெரிந்தும்தான் வந்தாரா என்று அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன்.

பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அவருடைய மூத்த பெண்ணுக்கு இதே திண்ணையில் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 2021 கடைசியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்து தன்னார்வலர் பெண் ஒருவர் தெருப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் தினமும் வருவாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பதிவுகளைப் போனில் படிப்பதாகவும், தாத்தா எழுதுவதில் பழைய கதை ஜாஸ்தி என்றும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அலுவலகப் பழக்கம், அந்த மனுவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். இன்னும் என் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன்.